கடனுக்குக் குலுக்கலா?

ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. முப்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் கடல். விலையோ கோடி ரூபாய்க்கு மேலே எவ்வளவு என்று பேசிக்கொள்ள வேண்டியது! மும்பை நகரில் லோயர் பரேல் வட்டாரத்தில் இன்று வீடு விற்கிற லட்சணம் இது. "லோயர்" என்ற சொல் வாங்க வருகிறவர் காதில் மட்டமாக விழுமோ என்று பயந்து, விற்பனைக்காரர்கள் சிலர் அந்த வட்டாரத்துக்கு "அப்பர் வொர்லி" என்று புதுப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். பெயரை மாற்றுவது சுலபம். அந்த மண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை மாற்றுவது அவ்வளவு சுலபமல்ல. அந்தக் கணக்கைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

பரேல் எங்கே, பாப்பநாயக்கன்பாளையம் எங்கே, நமக்கென்ன வந்தது என்று சிலர் கேட்கலாம். அந்த முப்பது மாடிக் கட்டிடம் நிற்பது பஞ்சாலை நின்ற இடத்தில். அங்கே பஞ்சு நூலாயிற்று, நூல் துணியாயிற்று. ஆலைச் சங்கு ஊதினால் ஊரே எழுந்தது, ஊரே சாப்பிட்டது, ஊரே படுத்தது. நம் கதைதான் அது. அங்கே முன்னால் நடந்துவிட்டது, அவ்வளவே வித்தியாசம்.

1854-ல் காவஸ்ஜி தாவர் என்ற பார்சி வியாபாரி தார்தேவ் பகுதியில் முதல் பஞ்சாலைக்கு அடிபோட்டார். பிறகு பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா என்று ஆலைகள் பெருகின. அந்த வட்டாரம் முழுவதற்கும் மராத்தி மக்கள் "கிரண்காவ்" என்று பெயர் வைத்தார்கள். மில் கிராமம் என்று அர்த்தம். 1980-ஐ ஒட்டிய காலத்தில் அங்கே ஏறக்குறைய 60 ஆலைகள், இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். ஆலைகளின் கையில் சுமார் 600 ஏக்கர் நிலம். கடலை மூன்று பக்கமும் வைத்துக்கொண்டு இடத்துக்குத் தவிக்கிற நகரத்தின் நட்டநடுவில் 600 ஏக்கர்!

அந்தத் தொழிலாளி எங்கே குடியிருந்தான்? நம் லைன் வீட்டை மாடிமேல் மாடியாக அடுக்கினால் எப்படி இருக்கும்? அதற்கு அங்கே "சால்" என்று பெயர். ஒரு நீள நடை, அதையொட்டி வரிசையாக அறைகள், நடையின் கோடியில் எல்லோருக்கும் பொதுவாகக் கக்கூஸ். 1920-களில் வெள்ளைக்கார சர்க்கார் வொர்லி, நாயகாவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 கட்டிடங்கள் கட்டியது. ஓர் அறையின் அளவு 160 சதுர அடி. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை கிடைத்தால் பாக்கியம். கொங்கணத்திலிருந்து தனியாக வந்த ஆண்கள் ஓர் அறையைப் பத்துப் பதினைந்து பேராகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். டாக்டர் அம்பேத்கர் கூட இருபது வருஷத்துக்கு மேல் பரேலில் இப்படிப்பட்ட ஒரு சாலில்தான் குடியிருந்தார்.

இந்த ஓர் அறைக்குள் இன்னொரு தொழிலும் நடந்தது. அதைப் பெரிய மனிதர்கள் எழுதிய நகர சரித்திரத்தில் அதிகம் காண முடியாது. குடும்பத்தோடு இருந்த பெண்கள், தனிக்கட்டைத் தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் சோறு போட்டார்கள். இந்தச் சாப்பாட்டுக்கு "கானாவள்" என்று பெயர். விடியுமுன் அடுப்பு பற்ற வைத்து, ராத்திரி ஷிப்டு முடியும் வரை ரொட்டி தட்டிய கைகள் அவை. மளிகைக் கடைக்காரனுக்கும் வட்டிக்காரனுக்கும் அவர்கள் அடிமை. 1975-ல் பிரேமா புரவ் என்ற அம்மையார் இவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற ஸ்தாபனத்தை அமைத்து, பாங்கிக் கடன் வாங்கிக் கொடுத்து, வட்டிக்காரன் பிடியிலிருந்து மீட்டார். இதை ஏன் சொல்கிறோம்? அந்த அறை படுத்துத் தூங்கும் இடம் மட்டுமல்ல. ஆலையைப் போலவே அதுவும் ஓர் உற்பத்தி ஸ்தலம். அதில் வெந்த சோறு இல்லாமல் ஒரு தறிகூட ஓடியிருக்காது.

நிலம் எப்படிப் பொன்னாயிற்று?

1982 ஜனவரி 18-ல் மும்பைப் பஞ்சாலைகளில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. தலைவர் டாக்டர் தத்தா சாமந்த். கூலி உயர்வு வேண்டும், பதிலித் தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும், தொழிலாளி ஏற்காத சங்கத்தை ஒரே சங்கமென்று தலையில் கட்டும் சட்டத்தை ஒழிக்க வேண்டும் என்பன கோரிக்கைகள். இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். மாதங்கள் ஓடின, வருஷம் ஓடியது. தொழிலாளிகள் பாத்திரம் பண்டங்களை விற்றார்கள். ஊருக்குத் திரும்பிக் கழனி வேலை செய்து கொண்டே போராட்டத்தில் நின்றார்கள். ஆம், அந்தப் போராட்டத்துக்குச் சோறு போட்டதில் கொங்கணத்துக் குடியானவனுக்கும் விவசாயக் கூலிக்கும் பங்குண்டு. அந்த வேலைநிறுத்தம் முறைப்படி வாபஸ் வாங்கப்படவே இல்லை. வேலைக்குத் திரும்பப் போனவர்களில் பல்லாயிரம் பேருக்கு வாசல் திறக்கவில்லை.

முதலாளிகள் ஏன் அவ்வளவு நிதானமாக இருந்தார்கள்? துணி விற்று வருவதைவிடத் துணி நெய்த இடத்தை விற்றால் எத்தனையோ மடங்கு வரும் என்று பலருக்குப் புலப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு தடை இருந்தது. அந்த நிலம் தொழிற்சாலைக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம். அதில் ஆலை நடத்தலாம். மாளிகை கட்டி விற்க முடியாது. சில ஆலைகளின் நிலம் பொது நிலத்தைக் குத்தகைக்கு வாங்கியதுதான்.

இங்கேதான் வாசகர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆலை ஓடும்வரை அந்த மண்ணுக்கு ஒரு விலை. "வீடு கட்டலாம், கடை கட்டலாம்" என்று சர்க்கார் ஒரு கையெழுத்துப் போட்ட மறுநாள் அதே மண்ணுக்கு வேறு விலை. இந்த இரண்டு விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை எந்த முதலாளி சம்பாதித்தான்? நகரத்தைக் கட்டிய மக்கள் சம்பாதித்தது அது. பொது அதிகாரம் கொடுத்தது அது. ஆகவேதான் 1991-ல் வந்த நகர வளர்ச்சி விதி 58, ஆலை நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றினால் மூன்று பங்கு போட வேண்டும் என்றது. ஒரு பங்கு மக்களுக்குத் திறந்தவெளி, ஒரு பங்கு பொது வீட்டு வசதி, மிச்சமுள்ள பங்கே உடைமையாளருக்கு. இதைச் சலுகை என்று நாம் நினைக்கவில்லை. கடன் பத்திரம் என்கிறோம்.

அந்தப் பத்திரம் என்ன ஆயிற்று? 2001-ல் விதி திருத்தப்பட்டது. பங்கு போடுவது மொத்த நிலத்தில் அல்ல, கட்டிடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் இடத்தில் மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஓர் உதாரணம் பாருங்கள். ஓர் ஆலைக்கு 15 ஏக்கர். 12 ஏக்கரில் ஷெட்டுகள், 3 ஏக்கர் காலி. பழைய விதிப்படி மக்களுக்குத் திறந்தவெளி 5 ஏக்கர், வீட்டுக்கு 5 ஏக்கர். புதிய விதிப்படி அந்த 3 ஏக்கரைத்தான் பங்கு போட வேண்டும்! 12 ஏக்கர் ஷெட்டை இடித்து அங்கே என்ன கட்டினாலும் பங்கு கிடையாது. ஒரு சொல்லை மாற்றி ஏக்கர் ஏக்கராக விழுங்கினார்கள். வழக்கு நடந்தது. 2005 அக்டோபரில் ஹைக்கோர்ட் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து திருத்தத்தையே நிலைநிறுத்தியது.

இதற்கிடையில் தேசியப் பஞ்சாலைக் கழகம் சும்மா இருக்கவில்லை. மக்களின் சொத்தான அந்தக் கழகம் 2005-ல் மும்பையில் ஐந்து ஆலைகளின் நிலத்தை சுமார் 2,000 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் விற்றது. அவற்றில் ஒன்று மும்பை டெக்ஸ்டைல் மில். 17 ஏக்கர். டி.எல்.எப். கம்பெனி 702 கோடி கொடுத்து வாங்கியது. 2012-ல் அதை லோதா கம்பெனிக்குச் சுமார் 2,700 கோடிக்கு விற்றது. ஏழு வருஷத்தில் நிலத்தைக் கைமாற்றிய லாபம் மட்டும் ஏறக்குறைய 2,000 கோடி. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் தேவைப்படும்.

பானையில் போட்ட சீட்டு

ஆலைத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? வருஷக் கணக்கில் ஊர்வலம், மறியல், சிறை. அதன்பின் மகாராஷ்டிர வீட்டு வசதி வாரியம் கொஞ்சம் வீடு கட்டியது. 225 சதுர அடி. பத்தடி அகலம், இருபத்திரண்டரை அடி நீளம் என்று தரையில் கோடு கிழித்துப் பாருங்கள். அதற்குள்ளேயே அறை, சமையல் மூலை, குளியல், கக்கூஸ் எல்லாம். படுக்கையறை என்று தனியாக ஒன்று இல்லை. அதுவும் இலவசமல்ல, 2020-ல் கொடுத்த வீடுகளுக்கு விலை ஒன்பதரை லட்சம் ரூபாய்.

யாருக்குக் கொடுப்பது? குலுக்கல்! 2012 ஜூனில் 6,925 வீடுகள், 2016-ல் இரண்டு தவணையாக 2,634-ம் 2,417-ம், 2020 மார்ச்சில் 3,894. கூட்டினால் 15,870. விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பத்துப் பேருக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற ஒன்பது பேர்? அடுத்த குலுக்கல் வரை உயிரோடு இருக்க வேண்டும். 1982-ல் முப்பது வயதாயிருந்த தொழிலாளிக்கு 2012-ல் அறுபது, 2020-ல் அறுபத்தெட்டு. பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்தவன் எத்தனை குலுக்கலைப் பார்ப்பான்?

வந்த வீடும் எல்லாம் பரேலில் இல்லை. 2016 டிசம்பர் குலுக்கலில் வந்தவை பன்வேலுக்கு அருகே கோன் என்ற இடத்தில். பணம் கட்டியவர்கள் சாவிக்கு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். அதற்குள் கொரோனா வந்தது. அந்த வீடுகளை நோயாளிகளைத் தனித்து வைக்கும் இடமாக்கினார்கள். கதவும் குழாயும் சேதமடைந்தன. 2023-ல்தான் சாவி கைக்கு வரத் தொடங்கியது. அதன்பின் ஷேலு, வாங்கணி என்று இன்னும் தொலைவுக்குக் கை காட்டினார்கள். பத்லாபூரைத் தாண்டி, கர்ஜத் போகும் ரயில் பாதையில் இருக்கும் ஊர்கள். அங்கே 81,000 வீடு என்றார்கள். 2025 ஜூலை 9-ல் ஆசாத் மைதானத்தில் கூடிய ஆலைத் தொழிலாளிகளும் அவர்களுடைய வாரிசுகளும் "எங்களுக்கு மும்பையிலேயே வீடு வேண்டும்" என்று முழங்கினார்கள்.

அது பிடிவாதம் என்று சில பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். அவ்வளவு தொலைவில் வீடு கிடைத்தால் என்ன, வீடு வீடுதானே என்பது அவர்கள் வாதம். கே.இ.எம். ஆஸ்பத்திரியும் டாட்டா புற்றுநோய் ஆஸ்பத்திரியும் பரேலில் இருக்கின்றன, வாங்கணியில் இல்லை. எழுபது வயது மனிதன் மூச்சுத் திணறி ராத்திரியில் எழுந்தால் எந்த ரயிலைப் பிடிப்பான்? வீட்டு வேலைக்கும் சமையல் வேலைக்கும் போகிற அவன் மகளுக்கும் மருமகளுக்கும் வேலை எங்கே இருக்கிறது? கானாவள் நடத்திய அம்மாளின் வாடிக்கைக்காரர்களும் ரயிலேறி வருவார்களா?

இப்போது அந்த 2,000 கோடியை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டின் விலை ஒன்பதரை லட்சம் என்று வகுத்துப் பாருங்கள். 21,000 வீடுகள் வருகின்றன. ஒரே ஓர் ஆலையின் நிலத்தைக் கைமாற்றிக் கிடைத்த லாபம், நான்கு குலுக்கலில் கொடுத்த அத்தனை வீடுகளின் விலையைவிட அதிகம்! இடமில்லை, பணமில்லை என்கிறவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

முடியாது என்பதும் பொய். முன்னே சொன்ன 160 சதுர அடி சால்களை இடித்து, அதே இடத்தில், அங்கே குடியிருந்தவர்களுக்கு 500 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு இலவசமாகக் கட்டித் தருவதென்று மகாராஷ்டிர சர்க்கார் முடிவு செய்து, 2025 ஆகஸ்டில் வொர்லியில் 556 குடும்பங்களுக்கு முதல் தவணையாகச் சாவி கொடுத்தது. அங்கே சீட்டுக் குலுக்கல் "வீடு உண்டா இல்லையா" என்பதற்கல்ல. குடியிருந்தவன் ஒவ்வொருவனுக்கும் வீடு உண்டு. அதை நாம் வரவேற்கிறோம். அந்த நியாயம் நூறு கஜம் தள்ளி ஆலைச் சுவருக்குள் உழைத்தவனுக்கு ஏன் கிடையாது?

நம்மூர் விவசாயத் தொழிலாளிக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். தஞ்சையில் மிராசுதார் மண்ணில் குடிசை போட்டிருந்தவன், கூலி கூடக் கேட்டால் "குடிசையைப் பிரித்துக்கொண்டு போடா" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவன். 1961-ல் வெளியேற்றத்துக்குத் தடை வந்தது. 1971-ல் குடியிருப்பு மனையை அவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. எளிதில் வந்ததா? எத்தனை பேர் ரத்தம் சிந்தினார்கள் என்பது கீழத்தஞ்சைக்குத் தெரியும். ஆனால் அந்தச் சட்டம் ஊரிலுள்ள பண்ணையாட்கள் பெயரையெல்லாம் பானையில் போட்டுப் பத்தில் ஒருவனை எடுக்கவில்லை. யார் அந்த மனையில் குடியிருக்கிறானோ அவனுக்கு அந்த மனை என்றது. தானம் கொடுக்கிறவன் குலுக்கல் போடலாம். கடன்பட்டவன் குலுக்கல் போடலாமா?

வாங்குகிறவன் யார்?

அந்த முப்பதாவது மாடி ஒற்றைப் படுக்கையறை வீட்டை வாங்குகிறவனையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் மேல் நமக்குக் கோபமில்லை. பெரிய பணக்காரன் ஒற்றைப் படுக்கையறை வாங்க மாட்டான். வாங்குகிறவர்கள் அநேகமாகப் பாங்கியிலும் கம்ப்யூட்டர் ஆபீசிலும் வேலை செய்கிற புருஷன் பெண்டாட்டி. இருவர் சம்பளத்தில் ஒருவர் சம்பளம் இருபது வருஷத்துக்குக் கடன் தவணையாகப் போகிறது. ஒருவருக்கு வேலை போனால் இருவருக்கும் தூக்கம் போகும். அவனும் மாதச் சம்பளத்தை நம்பி வாழ்கிற மனிதன்தான். ஆலை மண்ணை மலிவாகப் பிடித்தவன் தொழிலாளியிடம் ஒரு தடவை பிடுங்கினான். இவனிடம் இன்னொரு தடவை பிடுங்குகிறான்.

ஆலை இருந்த இடத்தில் பங்களாவும் ஆபீசும் வந்தன. ரயில்வே நடைபாலம் மட்டும் பழையபடி குறுகலாகவே நின்றது. 2017 செப்டம்பர் 29-ம் தேதி காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் பாலத்தில் 23 பேர் நசுங்கி மாண்டார்கள். சரியாக மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29-ல், கமலா மில் வளாகத்தில் மாடியிலிருந்த கேளிக்கை விடுதியில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். மாண்டவர்கள் பழைய மில் தொழிலாளிகள் அல்ல. வேலைக்குப் போனவர்கள், விருந்துக்குப் போனவர்கள். திறந்தவெளிக்கும் பாதைக்கும் விட்டிருக்க வேண்டிய நிலத்தை விழுங்கிவிட்டால் புதிதாக வருகிறவனுக்கும் மூச்சுவிட இடமிருக்காது. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று பெரிய கடை வளாகம். அதன் புகைபோக்கியை இடிக்காமல் அழகுக்கு வைத்திருக்கிறார்கள். அடியில் அடுப்பெரித்தவனை வைத்துக்கொள்ள மட்டும் இடமில்லை!

நம் வாசலிலும்

சென்னைப் பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலைத் தொழிலாளிகளிடையேதான் பிறந்தது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய மண். 1921 போராட்டத்தில் குண்டடி பட்ட மண். 1996-ல் ஆலை மூடப்பட்டது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். அவற்றில் ஒரு படுக்கையறை வீட்டின் தவணையைப் புளியந்தோப்பில் பிறந்த எத்தனை பேரால் கட்ட முடியும் என்று கேட்டுப் பாருங்கள்.

மும்பையில் ஐந்து ஆலை நிலங்களை ஏலம் விட்ட அதே தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் கோவையில் இருக்கின்றன. காளையார்கோவிலிலும் கமுதக்குடியிலும் இருக்கின்றன. 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற அவை பழையபடி ஓடவில்லை. திறக்கச் சொல்லித் தொழிலாளர் நடத்திய போராட்டங்களை வாசகர் அறிவர். ஆலை ஓட வேண்டும் என்பதே முதல் கோரிக்கை. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் மும்பைத் தொழிலாளி வேலைக்காகப் போராடிய வருஷங்களில் நிலத்தைப் பற்றி விதி எழுதியவர்கள் வேறு அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 1991 விதியின் அர்த்தம் தொழிலாளிக்கு விளங்கி முடிவதற்குள் 2001 திருத்தம் வந்துவிட்டது.

ஆகவே ஒவ்வோர் ஆலைச் சங்கமும் இந்த மாதமே சில காகிதங்களைக் கையில் வாங்கிவிட வேண்டும். ஆலைக்கு மொத்தம் எத்தனை ஏக்கர்? எந்தெந்த சர்வே நம்பர்? பட்டா யார் பெயரில்? அதில் கிரயம் வாங்கியது எவ்வளவு, சர்க்கார் கொடுத்தது எவ்வளவு, விவசாயியிடம் ஆர்ஜிதம் செய்தது எவ்வளவு? நகரத் திட்டத்தில் அது இன்னும் தொழிற்சாலைப் பகுதியா, யாராவது மாற்றக் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார்களா? லைன் வீடுகளில் இன்று குடியிருக்கும் குடும்பங்கள் எத்தனை, எத்தனை வருஷமாக? தாலுகா ஆபீசிலும் நகரமைப்பு ஆபீசிலும் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டால் பத்து ரூபாய்தான் கட்டணம். பதில் வந்ததும் ஆலை வாசல் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிப் போடுங்கள். ஒரு நகல் நமக்கும் அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.